இரவல் போன புத்தகம் யாரிடம்? எக்ஸெலில் ஒரு பதிவேடு

இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயம் பார்க்கப் போய் நண்பர்களானவர்கள் நாங்கள் எட்டுப் பேர். பந்தய நூல்களின் விலை அதிகம். பழைய நூல்கள் எளிதில் கிடைப்பதும் இல்லை. எனவே ஒருவர் வாங்கினால் எட்டுப் பேரும் படிப்போம். கணக்கு வைக்க எக்ஸெலில் ஒரு பட்டியல் தயாரித்திருந்தேன். நூலின் பெயர், யாரிடம் உள்ளது என இரண்டே நெட்டு வரிசைகள்.

ஒரு நாள் டாக்டர் சிட் வாட்கின்ஸ் எழுதிய 'லைஃப் அட் தி லிமிட்' (1996) காணாமல் போனது. பட்டியலில் ஒரு நண்பரின் பெயர் இருந்தது. "நான் அதை வாங்கவே இல்லை" என்றார் அவர். பட்டியலைக் காட்டி வாதாடினேன். ஓராண்டு கழித்து, இன்னொருவர் வீடு மாற்றும்போது அட்டைப் பெட்டியிலிருந்து அந்த நூல் வெளியே வந்தது.

தவறு என்னுடையதுதான். நண்பர் வாங்கியது வாட்கின்ஸின் இன்னொரு நூலான 'பியாண்ட் தி லிமிட்' (2001). நான் அவர் பெயரை அடுத்த வரிசையில் டைப் செய்துவிட்டேன். அங்கே ஏற்கெனவே இருந்த பெயர் அழிந்துபோனது. மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை என்றார். ஆனால் அதன்பின் எங்களிடம் அவர் ஒரு புத்தகம்கூடக் கேட்கவில்லை.

நீங்களும் நண்பர்களுக்குள் நூல்களைப் பகிர்பவரா? இந்தத் தவறு நேராதபடி பதிவேடு அமைப்பது எப்படி என்று பார்ப்போம்.

இரண்டு ஒர்க்ஷீட்கள்

புதிய ஒர்க்புக் ஒன்றைத் திறந்து, முதல் ஷீட்டுக்கு 'நூல்கள்' என்றும் இரண்டாவதற்கு 'இரவல்' என்றும் பெயரிடுங்கள்.

'நூல்கள்' ஷீட்டில் எண், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, உரிமையாளர், யாருக்கு ஏற்றது, அடுத்துப் படிக்க என ஏழு தலைப்புகள் போதும். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் கொடுங்கள். அதே எண்ணைச் சிறு சீட்டில் எழுதி அட்டையின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். இனி எல்லாம் எண்ணை வைத்துத்தான். எங்களிடம் மைக்கேல் கேனல் எழுதிய 'தி லிமிட்' (2011) என்ற நூலும் உண்டு. ஆக, 'லிமிட்' என்று முடியும் நூல்கள் மட்டுமே மூன்று! பெயரை நம்பினால் குழப்பம் நிச்சயம்.

'இரவல்' ஷீட்டில் நூல் எண், வாங்கியவர், கொடுத்த தேதி, திரும்பிய தேதி, நாட்கள் ஆகிய தலைப்புகளை அமையுங்கள். இங்கே ஒரே விதிதான்: நூல் கை மாறும்போதெல்லாம் புதிய படுக்கை வரிசை. பழைய வரிசையில் திரும்பிய தேதியை மட்டும் நிரப்புங்கள். எந்தப் பெயரையும் அழிக்காதீர்கள். நான் இப்படிச் செய்திருந்தால், உண்மையில் வாங்கியவரின் பெயர் தன் வரிசையில் அப்படியே இருந்திருக்கும்.

பார்முலா

முதலில் தலைப்புகளையும் ஒரு வரிசைத் தகவலையும் டைப் செய்து, அவற்றுக்குள் கர்சரை வைத்து கண்ட்ரோல் + டி அழுத்துங்கள். தலைப்புகள் உள்ளன என்பதற்கான கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்து ஓகே கொடுங்கள். பட்டியல் 'டேபிள்' ஆகிவிடும். புதிய வரிசை சேர்த்தால் பார்முலாவும் தானாகவே அதில் வந்துவிடும்.

'நாட்கள்' செல்லில் இஃப் பங்ஷனை அமையுங்கள். முதல் பகுதி, திரும்பிய தேதி காலியாக உள்ளதா என்ற சோதனை. காலி எனில், டுடே பங்ஷன் தரும் இன்றைய தேதியிலிருந்து கொடுத்த தேதியைக் கழிக்க வேண்டும். இது இரண்டாம் பகுதி. காலி இல்லை எனில் 0. இது மூன்றாம் பகுதி. விடை 1900ஆம் ஆண்டுத் தேதி போலத் தெரிந்தால் பதற வேண்டாம். செல்லின் பார்மட்டை 'நம்பர்' என மாற்றுங்கள், சரியாகிவிடும்.

தேதியிலும் கவனம் தேவை. கம்ப்யூட்டரின் ரீஜன் செட்டிங் அமெரிக்க முறையில் இருந்தால், ஜூன் 5 என நினைத்து 5/6 என்று டைப் செய்வதை எக்ஸெல் மே 6 என்று எடுத்துக்கொள்ளும். மாதத்தின் பெயரை மூன்று ஆங்கில எழுத்துகளில் டைப் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

சிவப்பு எச்சரிக்கை

'நாட்கள்' வரிசையைத் தேர்ந்தெடுங்கள். ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், கிரேட்டர் தேன் எனச் சென்று 45 என்று கொடுங்கள். 45 நாட்களைத் தாண்டிய நூல்கள் சிவப்பாகத் தெரியும். தற்போது வெளியே உள்ள நூல்களை மட்டும் பார்க்க, 'திரும்பிய தேதி' தலைப்பில் உள்ள பில்டர் அம்புக்குறியைக் கிளிக் செய்து 'பிளாங்க்ஸ்' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

நட்சத்திரம் வேண்டாம், காரணம் எழுதுங்கள்

'யாருக்கு ஏற்றது' என்ற இடத்தில் ஐந்துக்கு நான்கு என மதிப்பெண் போடாதீர்கள். அது யாருக்கும் உதவாது. எங்கள் பதிவேட்டிலிருந்து சில வரிகள்:

'கோ லைக் ஹெல்', ஏ.ஜே. பெய்ம், 2009: 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' (2019) படம் பிடித்திருந்தால் இதில் தொடங்கலாம். 1960களின் லே மான்ஸ் போட்டி பற்றியது.

'தி அன்ஃபேர் அட்வான்டேஜ்', மார்க் டோனஹ்யூ, 1975: பொறியியல் படித்த ஓட்டுநர், தான் ஓட்டிய ஒவ்வொரு காரையும் எப்படி வேகமாக்கினார் என்று சொல்கிறார். இன்ஜினியரிங் மாணவர்களுக்கு.

'டியூன் டு வின்', கேரல் ஸ்மித், 1978: சஸ்பென்ஷன், டயர் பற்றிய பாடம். கதை எதிர்பார்ப்பவர்களுக்கு அல்ல.

'அடுத்துப் படிக்க' என்பதில் இன்னொரு நூலின் எண்ணை எழுதுங்கள். 'ஹவ் டு பில்ட் எ கார்' (2017) எழுதிய ஏட்ரியன் நியூவி, 1994இல் இமோலாவில் அயர்டன் சென்னா இறந்தபோது ஓட்டிய வில்லியம்ஸ் காரை வடிவமைத்தவர்களில் ஒருவர். அன்று சென்னாவைக் காப்பாற்ற ஓடியவர் டாக்டர் வாட்கின்ஸ். இருவரின் நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தால் அந்த நாள் வேறு மாதிரி தெரியும். எனவே நியூவியின் நூலுக்கு எதிரே 'லைஃப் அட் தி லிமிட்' எண் இருக்கிறது.

பகிரும்போது

பைலை ஒன்டிரைவ் அல்லது கூகுள் டிரைவில் வைத்து எல்லோருக்கும் பார்க்கும் அனுமதி கொடுங்கள். திருத்தும் அனுமதி இருவருக்கு மட்டும் போதும். ஒருவர் தவறினால் மற்றவர் கண்ணில் படும். போன் எண்களை அதில் சேர்க்க வேண்டாம்.

புதிய பதிவேட்டில் நான் முதலில் சேர்த்த வரி 'பியாண்ட் தி லிமிட்' பற்றியது. வாங்கியவர் பெயரும், திரும்பி வந்த தேதியும் சரியான வரிசையில் உள்ளன. அதன் லிங்க்கை அந்த நண்பருக்கும் அனுப்பியிருக்கிறேன்.