சங்கிலி வாள்: சங்கிலி கழல்வது ஏன்?

2016 டிசம்பர் 12-இல் வீசிய வர்தா புயலில் சென்னையெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அத்தகைய வேளையில் கைகொடுப்பது சங்கிலி வாளே. ஆதலின், கோவிலம்பாக்கம் வட்டார அங்கத்தினர்கள் மழைக்காலத்துக்கு முன்பே அதனைச் சோதித்து வைத்தல் நலம். ஓடும்போது கழலும் சங்கிலி வலக்கையைத் தாக்கக்கூடும்.

முதற்காரணம் தளர்ச்சி. இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டு, கையுறை அணிந்து, பட்டையின் மரைகளைச் சற்றுத் தளர்த்துக. பட்டை நுனியை உயர்த்திப் பிடித்துத் திருகாணியைத் திருப்புக. சங்கிலி பட்டையின் அடிவிளிம்பைத் தொடவேண்டும். கையால் இழுத்தால் தடையின்றி ஓடவும் வேண்டும். நுனியைத் தாழ்த்தாமலே மரைகளை இறுக்குக.

பின்னும் கழன்றால், பற்சக்கரம் தேய்ந்துள்ளதா, பட்டைப் பள்ளம் அகன்றுள்ளதா, எண்ணெய் வருகிறதா என்று நாம் பார்க்கவேண்டும். புதுச் சங்கிலி விரைவில் நீளுமாதலால் அடிக்கடி சோதிக்க. சூட்டில் இறுக்கியதை வேலை முடிந்ததும் தளர்த்துக. ஆறுகையில் அது சுருங்கி இயந்திரத்தைக் கெடுக்கும்.