மாவூர் ஆலையும் ஒரு ரூபாய் மூங்கிலும்



கம்யூனிஸ்ட் அரசு திட்டமிட்டுத் தொழில் வளர்த்த கதை என்றால் ரஷ்யாதான் நினைவுக்கு வரும். 1928-ல் அங்கே முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. உருக்காலைகள் எழுந்தன, 1931-ல் தனியார் வணிகத்துக்கே தடை வந்தது. அது தூரத்துக் கதை. நம் வாசலை ஒட்டியே ஒரு கதை உண்டு.

குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ல். அடுத்த ஏப்ரலில் அண்டைக் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்றது. ஆலைகள் வேண்டும், கையில் முதல் இல்லை. பெரிய திட்டங்களுக்குப் பணமும் லைசென்சும் டெல்லி வசம். ஆகவே முதலாளி பிர்லாவையே அழைத்தார்கள்! 1958-ல் ஒப்பந்தமாகி, கோழிக்கோடு அருகே சாலியாற்றங்கரையில் மாவூரில் குவாலியர் ரேயான்ஸ் கூழ் ஆலை எழுந்தது. 1963-ல் உற்பத்தி தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனால் கொள்முதல் விலையைப் பாருங்கள். அரசுக் காட்டு மூங்கில் டன்னுக்கு ஒரு ரூபாய். கூடை முடைகிறவருக்கு அந்த விலையில் யார் கொடுப்பார்? சரக்கு குறையக் குறைய விலை ஏறும். விலை ஏறினால் வாங்குகிறவன் கையை இழுத்துக்கொள்வான். அரிசி மண்டியில் தினமும் பார்க்கிறோம். விலையை ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டால் காடு காலியாவது ஆலைக் கணக்கில் தெரியாது. மூங்கில் போதாமல், இயற்கைக் காட்டை வெட்டி யூகலிப்டஸ் நட்டார்கள். கழிவுநீர் சாலியாற்றைக் கெடுத்தது; அதுவும் எந்தப் பேரேட்டிலும் ஏறாத செலவுதான். திட்டம் போட்டது தவறென்று நான் சொல்லவில்லை. விலையை வாய்மூட வைத்ததுதான் தவறு.

1985-ல் தொழிலாளர் தகராறில் ஆலை மூடப்பட்டது. திறந்தது 1988-ல். 2001-ல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

ஓர் ஆலையை நம்பிய ஊரில் சம்பளம் நின்றால் முதலில் தெரிவது பலசரக்குக் கடையின் பற்று நோட்டில்தான். அரிசிக்கும் எண்ணெய்க்கும் கடன் சொல்லுவார்கள். முகம் பார்த்துப் பழகியவர்களிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் தவணை கேட்பார். முட்டத்தில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் மீன்பிடித் தடைக்காலம். ஜூலை 31-ல் முடியும் என்று தெரிந்து நாம் பற்று எழுதுகிறோம். மாவூர்க் கடைக்காரருக்கு 1985-ல் அப்படி ஒரு தேதி இல்லை.