பட்டிப்பொலவின் பனி இரவை மாலையிலேயே அறிய

பட்டிப்பொல ரயில் நிலையம் 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரமான நிலையம் இல்லை. மார்கழி, தை மாதங்களில் இந்தப் பக்கம் துகள் பனி விழுந்தால் உருளைக்கிழங்கு இலையும் தேயிலைக் கொழுந்தும் கருகிவிடும். மாலையிலேயே எச்சரிக்கை கிடைத்தால் நாற்றையாவது மூடலாம்.

ஓப்பன்-மீட்டியோ சேவை முன்னறிவிப்பை இணையவழி தருகிறது. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்குக் கட்டணமும் இல்லை, சாவியும் வேண்டாம். சி ஷார்ப் மொழியில் ஃப்ளர்ல் நூலகம் கொண்டு அதைக் கேட்கலாம்.

நியூகெட்டில் ஃப்ளர்ல் டாட் எச்டிடிபி பொதியை நிறுவுங்கள். சேவையின் முகவரியைச் சரமாக எழுதி, அதன் பின்னாலேயே புள்ளி வைத்து அழைப்புகளைக் கோத்துச் செல்லுங்கள். பாதைக்கு அப்பென்ட்பாத்செக்மென்ட்ஸ், விவரங்களுக்கு செட்குவெரிபராம்ஸ். கேள்விக்குறியையும் இணைப்புக்குறியையும் கையால் ஒட்டவே வேண்டாம். நேர வலயமாக 'ஏசியா/கொலம்போ' என்று கொடுத்தால் நடுவிலுள்ள சாய்கோட்டை நூலகமே குறியேற்றிவிடும். வலயத்தை விட்டுவிட்டால் கிரீன்விச் நேரம் வரும். நம் விடியற்காலை 5.30 அங்கே நள்ளிரவு.

அகலாங்கும் நெட்டாங்கும் நிலையத்துக்குரியவையாக இல்லாமல் உங்கள் தோட்டத்துக்குரியவையாக இருக்கட்டும், நான்கு தசமத்துடன். இரண்டு தசமம் என்றால் ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தடுமாறும். மலையில் அதற்குள் ஒரு பள்ளத்தாக்கே வந்துவிடும். உயரத்தையும் தனி விவரமாகச் சேருங்கள். 200 மீட்டர் பிசகினால் வெப்பநிலை சுமார் 1.3 பாகை மாறும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது.

மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். ஆகவே வித்டைம்அவுட் போட்டு 10 விநாடி கொடுங்கள். கடைசியாக கெட்ஜேசன்அசின்க், அதுவரை சேர்ந்தது வெறும் கோரிக்கை, இங்கேதான் அது புறப்படுகிறது. பதிலில் நேரங்கள் ஒரு வரிசையாகவும் வெப்பநிலைகள் இன்னொரு வரிசையாகவும் வரும். ஒரே இடத்தில் இருப்பவை ஜோடி. மணிக்கு ஒன்றாக இரண்டு நாளுக்குக் கேட்டால் 48 ஜோடிகள்.

பிழை வந்தால் ஃப்ளர்ல்எச்டிடிபிஎக்செப்ஷனைப் பிடித்து, பதிலின் நிலை எண்ணைப் பாருங்கள். 400 என்றால் உங்கள் விவரத்தில் தவறு; திரும்ப அனுப்பிப் பயனில்லை, பதிலிலேயே காரணம் எழுதியிருக்கும். நேரம் கடந்ததாலோ 500 வரிசைப் பிழையாலோ நின்றிருந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பலாம்.

முன்னறிவிப்பு சொல்வது தரைக்கு 2 மீட்டர் மேலுள்ள காற்றின் வெப்பநிலை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை அதைவிடச் சில பாகை குளிர்ந்துவிடும். எனவே 0 பாகைக்குக் காத்திராமல், 4 பாகைக்குக் கீழே இறங்கினாலே எச்சரிக்கை போகட்டும். மேகமூட்டத்தையும் காற்றின் வேகத்தையும் கூடவே கேட்டு வாங்கினால் வீண் எச்சரிக்கை குறையும்.