கரண்ட் போன பிறகு கால் மணித்தியாலம்

பதுளை டவுனில் கொம்பியூட்டர் கடைக்குள் நுழைந்து யூபிஎஸ் கேட்பவர்களின் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "அண்ணே, எத்தனை மணித்தியாலம் தாங்கும்?" பெட்டியில் 650 விஏ என்று பெரிதாகப் போட்டிருக்கும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் 360 வொட் அளவில்தான் இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பெட்டரி ஒன்று. சாதாரண மேசைக் கணினியும் திரையும் சேர்ந்து 100 வொட் இழுத்தால், பெட்டரி புதிதாக இருக்கும்போது கால் மணித்தியாலம், மிஞ்சினால் இருபது நிமிடம். செய்த வேலையைச் சேமித்து, கணினியை ஒழுங்காக அணைக்க அது போதும். அதற்காகச் செய்த பெட்டிதான் அது.

பசறையிலோ ஹாலிஎலயிலோ வீட்டிலிருந்தபடி தரவு பதிவது, கணக்கு எழுதுவது, ஒன்லைனில் பாடம் சொல்லிக்கொடுப்பது என்று பிழைப்பவர்களுக்கு இருபது நிமிடம் எந்த மூலைக்கு? 2022 மார்ச் 31ஆம் திகதி கரண்டை 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்த கதை எல்லோருக்கும் தெரியும். குரங்கு அங்கே, இருட்டு நாடு முழுக்க. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோனதால் அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணித்தியால வெட்டு வந்தது. அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல். மண் சரிந்து கம்பங்களும் போன இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை.

இந்த மூன்றுக்கும் ஒரே பெட்டியால் பதில் சொல்ல முடியாது. ஒன்றரை மணித்தியால வெட்டைச் சமாளிக்க ஏற்பாடு செய்யுங்கள். 13 மணித்தியாலத்துக்கு என்று கடன் வாங்காதீர்கள்.

இன்னும் கணினி வாங்கவில்லை என்றால் லேப்டொப் வாங்குங்கள். பழையதானாலும் நல்ல பெட்டரி உள்ளது போதும். எழுத்து வேலைக்கு அது 10 முதல் 15 வொட்தான் தின்னும். 45 வொட் மணி பெட்டரி மூன்று மணித்தியாலம் இழுக்கும். அதோடு ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன டிசி யூபிஎஸ் ஒன்று. இதில்தான் ஏமாறுவார்கள். 10,400 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கும், அது 3.7 வோல்ட் கணக்கு. பெருக்கினால் 38 வொட் மணி. பத்து வொட் ரவுட்டருக்கு மூன்று மணித்தியாலம் கிடைத்தால் லாபம். ரவுட்டர் 12 வோல்ட்டா, 9ஆ, 5ஆ என்று அடாப்டரில் பார்த்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மேசைக் கணினிதான் இருக்கிறது என்றால், தோட்டத்து வீடுகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் லயங்களில் பின்னேரம் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கரும் கேத்தலும் ஏறினால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பல்ப் மங்கும். மலிவான சாதாரண யூபிஎஸ் அதையே கரண்ட் போனதாக எடுத்துக்கொண்டு பெட்டரிக்கு மாறும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அப்படி மாறினால் பெட்டரி ஒரு வருடம்கூட நிற்காது. வோல்டேஜைத் தானே ஏற்றி இறக்கும் ஏவிஆர் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் கூடுதல் விலைதான், ஆனால் பெட்டரியை மிச்சம் பிடிக்கும்.

அடுத்தது எர்த். பழைய லயத்து வயரிங்கில் பிளக்கில் மூன்று முள் இருக்கும், சுவருக்குப் பின்னால் எர்த் வயர் இருக்காது. சர்ஜ் புரொடெக்டர் என்று விற்பதெல்லாம் அங்கே முழுப் பாதுகாப்பைத் தராது. யூபிஎஸ் வாங்கும் காசில் கொஞ்சம் ஒதுக்கி, எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிவந்து எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் சோதியுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதல் வேலை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் மலைக்கு மேலே இடி உருண்டால் எந்தப் பெட்டியையும் நம்ப வேண்டாம். தலைக்கு மேல் வருவதற்கு முன்பே பிளக்கைக் கழற்றுங்கள், டெலிபோன் வயரையும் சேர்த்து.

லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். நான் ஒருமுறை மாட்டினேன். ஒரு பக்கம் அச்சாவதற்குள் யூபிஎஸ் அலறி, கணினியும் சேர்ந்து அணைந்தது.

பெரிய இன்வேர்ட்டரும் 100 ஆம்பியர் மணி பெட்டரியும் வைத்தால் மேசைக் கணினியையும் ஐந்து மணித்தியாலம் ஓட்டலாம். உண்மைதான். ஆனால் தண்ணீர் ஊற்றும் பெட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியே விடும். ஒரே காமராவில் அடுப்பும் பாயும் இருக்கும் வீட்டில் அதை எங்கே வைப்பது? காற்றோட்டமான, நனையாத இஸ்தோப்பு இருந்தால் யோசிக்கலாம். சின்ன யூபிஎஸ்ஸில் கார் பெட்டரியைக் கட்டிவிடும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். அதன் சார்ஜர் அவ்வளவு நேரம் சூடு தாங்காது.

வாங்கும்போது உத்தரவாதத்தில் பெட்டரிக்கு எத்தனை மாதம் என்று தனியாகக் கேளுங்கள். அநேகமாகக் குறைவாக இருக்கும். கடைத் தட்டில் ஒரு வருடம் தூங்கிய பெட்டரி பாதி செத்தது. உற்பத்தித் திகதியைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வேலை கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது. வெட்டு நீண்டால் போன் டவரின் பெட்டரியும் இறங்கிவிடும். உங்கள் ரவுட்டரில் பச்சை விளக்கு எரியும், டேட்டா வராது. வேறு கம்பனி சிம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் எந்த ஊருக்கு இறங்கி வேலையை அனுப்புவீர்கள், எத்தனை மணித்தியாலம் பிந்தும் என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எட்டு மணித்தியாலம் சார்ஜ் போடுங்கள். பிறகு கணினியில் வேலையைச் சேமித்து வைத்துவிட்டு, சுவர் பிளக்கைக் கழற்றி மணிக்கூட்டைப் பாருங்கள். வந்த நிமிடத்தை யூபிஎஸ் மேலேயே பேனாவால் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதையே செய்து, அந்தக் கணக்கு பாதியானதும் பெட்டரியை மாற்றுங்கள்.