திரை விளையாட்டும் சிறார் நடத்தையும்

குழந்தைகள் கண்டதைச் செய்வர். 1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா இதனை ஆய்ந்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைத் தாக்குவதைக் கண்ட மழலையர் பலர், தாமும் அவ்வாறே தாக்கினர். அவ்வாறாயின், வன்முறை நிறைந்த காணொலி விளையாட்டுகளில் ஈடுபடும் சிறார் வன்முறையாளராக வளர்வரோ?

இவ்வச்சத்தால் கலிபோர்னியா மாநிலம், அத்தகைய விளையாட்டுகளைச் சிறாருக்கு விற்பதைத் தடுத்து 2005இல் சட்டம் இயற்றியது. அச்சட்டம் செல்லாது என 2011இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆய்வுகள் தொடர்பைக் காட்டுகின்றனவேயன்றி, விளையாட்டே காரணம் என மெய்ப்பிக்கவில்லை என்று நீதிமன்றம் கருதியது. இயல்பிலேயே சினம் மிக்க சிறுவன் அத்தகைய விளையாட்டை நாடுவதும் உண்டன்றோ?

அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் இருவேறு நிலைகளைப் பிரித்துக் காட்டியது. கூச்சலிடுதல், பிறரைத் தள்ளுதல் போன்ற முரட்டுச் செயல்களோடு இவ்விளையாட்டுகளுக்குச் சிறிதளவு தொடர்பு உண்டு. கொடிய வன்முறைக்கு இவையே காரணம் எனக் கூறப் போதிய சான்று இல்லை. எல்லாப் பழியையும் விளையாட்டின்மீது சுமத்தினால், வன்முறைக்கான பிற காரணங்கள் கவனம் பெறாமற் போகும்.

எனினும், சிறு தொடர்பும் புறக்கணிக்கத்தக்கதன்று. பண்டூராவின் 1965ஆம் ஆண்டு ஆய்வில், தாக்கியவர் தண்டிக்கப்படுவதைக் கண்ட குழந்தைகள் அவரைப் பின்பற்றுவது குறைந்தது. செயலை மட்டுமன்றி, அதன் விளைவையும் குழந்தை கற்கிறது. பல திரை விளையாட்டுகளில் தாக்குதலுக்குப் பரிசாகப் புள்ளிகள் கிடைக்கின்றன. அடிபட்டவரின் வலி அங்குத் தெரிவதில்லை. அவ்வலியை எடுத்துரைக்க, அருகில் அமர்ந்து உரையாடும் மூத்தோர் ஒருவர் தேவை.