பேட்டிங் சராசரி: எதை எதால் வகுப்பது?

நம் வீடுகளில் சராசரி என்றால் கிரிக்கெட் சராசரிதான். எடுத்த ஓட்டங்களை அவுட் ஆன தடவைகளால் வகுக்க வேண்டும். டான் பிராட்மன் டெஸ்ட் பந்தயங்களில் 80 இன்னிங்ஸ் ஆடி 6996 ஓட்டங்கள் எடுத்தார். அதில் 10 முறை அவுட் ஆகவில்லை. ஆகவே வகுக்கும் எண் 80 அல்ல, 70. விடை 99.94. இது நம் பிள்ளைகள் பலருக்கு மனப்பாடம்.

ஆனால் இங்கே நாக்பூரில் என் பேத்தி ஆடுவது சாஃப்ட்பால். பேஸ்பாலுக்குத் தங்கை முறை என்று சொல்லலாம். பந்து சற்றுப் பெரியது, கையைக் கீழிருந்து வீசிப் போடுவார்கள். சராசரிக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். சென்ற ஆண்டு மாவட்டப் பந்தயத்துக்குப் பள்ளி அணி தேர்ந்தெடுக்கும் சமயத்தில், ஓர் இடத்துக்கு இரண்டு பெண்கள் போட்டி. ஒருத்தி என் பேத்தி. பள்ளிப் பதிவேட்டின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து, "தாத்தா, சார் சராசரி போட்டுத் தரச் சொன்னாங்க. நீங்கதான் இஞ்சினியராச்சே" என்றாள். தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்த டிப்ளமாக்காரனுக்குப் பதிவேடு என்றால் சர்க்கரைப் பொங்கல். உட்கார்ந்துவிட்டேன்.

சூத்திரம் ஒரு வரிதான். ஹிட் எத்தனை என்பதை அட் பேட் எத்தனை என்பதால் வகுக்க வேண்டும். விடையை மூன்று தசம இலக்கம் வரை எழுதுவார்கள், முன்னால் சைபர் போடுவதில்லை. 10 அட் பேட்டில் 3 ஹிட் என்றால் .300. வாயால் சொல்லும்போது 'முந்நூறு' என்பார்கள். பத்தில் ஏழு முறை தோற்பவர் அங்கே நல்ல ஆட்டக்காரர். கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இது முதலில் வேடிக்கையாக இருக்கும்.

சிக்கல் சூத்திரத்தில் இல்லை, அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. மட்டையுடன் வந்து நின்ற தடவை எல்லாம் அட் பேட் ஆகாது. பந்து வீசுபவர் அடிக்க முடியாதபடி நான்கு பந்து வெளியே போட்டால், ஆட்டக்காரர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகலாம். அது வாக். அடிக்கவே பந்து கிடைக்காதவர் தலையில் அதை ஏற்றுவது நியாயமில்லை, எனவே கழித்துவிட வேண்டும். பந்து உடம்பில் பட்டு முதல் பேஸுக்குப் போனாலும் அப்படியே. முன்னால் நிற்கும் தோழியை அடுத்த பேஸுக்கு நகர்த்துவதற்காகப் பந்தை மெல்லத் தட்டித் தான் அவுட் ஆவது சாக்ரிஃபைஸ். உயரே அடித்துப் பிடி கொடுத்து, அதனால் தன் அணிக்கு ஓர் ஓட்டம் கிடைத்தால் அதுவும் இந்த வகைதான். இவையும் கழிவு.

ஹிட் என்ற சொல்லிலும் ஒரு கண்ணி உண்டு. அடித்துவிட்டு முதல் பேஸுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. எளிதாகப் பிடித்திருக்க வேண்டிய பந்தை எதிரணி நழுவவிட்டதால் பிழைத்தால், அது எரர். ஹிட்டில் சேராது, ஆனால் அட் பேட்டில் சேரும். அதாவது சராசரி குறையும்.

அமெரிக்காவில் இந்தக் கணக்குக்காக ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நாள் ஒன்று உண்டு. 1941-ஆம் ஆண்டு செப்டம்பர் 28. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் அதுவரை 448 அட் பேட்டில் 179 ஹிட். வகுத்தால் .39955. மூன்று இலக்கத்துக்குச் சரிசெய்தால் .400 ஆகிவிடும். கடைசி நாளில் ஆடாமல் உட்கார்ந்திருந்தாலே புத்தகத்தில் நானூறு ஏறியிருக்கும். மனிதர் உட்காரவில்லை. பிலடெல்பியாவில் அன்று இரண்டு பந்தயங்களிலும் ஆடி, 8 அட் பேட்டில் 6 ஹிட் அடித்தார். மொத்தம் 456-இல் 185. விடை .406. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் அதற்குப் பின் ஒருவரும் நானூறைத் தொடவில்லை. அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்த வாக் மட்டும் 140-க்கு மேல். அவற்றையும் வகுக்கும் எண்ணில் சேர்த்திருந்தால் சராசரி முந்நூறுக்குச் சற்று மேலே நின்றிருக்கும், இன்று நாம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

இன்னொரு பிழையை நானே செய்தேன். பேத்தி முதல் மாதம் 10 அட் பேட்டில் 2 ஹிட், அதாவது .200. அடுத்த மாதம் 14-இல் 6, அதாவது .429. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி .314 என்று எழுதினேன். தவறு. 120 கி.மீ. தூரம் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போய், 40-இல் திரும்பிய வண்டியின் சராசரி வேகம் 50 அல்ல. போக 2 மணி, வர 3 மணி. 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48. எத்தனை முறை பயிற்சிக்கு வந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! ஹிட்டைத் தனியாகக் கூட்டி, அட் பேட்டைத் தனியாகக் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை வகுக்க வேண்டும். 24-இல் 8, அதாவது .333.

இது சில்லறைப் பிழை அல்ல, ஆளையே மாற்றிவிடும். 1995-இல் டேவிட் ஜஸ்டிஸ் 411-இல் 104, சராசரி .253. டெரெக் ஜீட்டர் 48-இல் 12, சராசரி .250. 1996-இல் ஜஸ்டிஸ் 140-இல் 45, அதாவது .321. ஜீட்டர் 582-இல் 183, அதாவது .314. இரண்டு ஆண்டும் ஜஸ்டிஸ்தான் மேலே. ஆனால் இரண்டு ஆண்டையும் சேர்த்தால் ஜஸ்டிஸ் 551-இல் 149, சராசரி .270. ஜீட்டர் 630-இல் 195, சராசரி .310. நம்பாதவர்கள் பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள். நானும் இரண்டு முறை போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

பள்ளிப் பதிவேட்டுக்கு வருவோம். அதில் இருவரும் 30 முறை வந்து நின்றதாக இருந்தது. பேத்திக்கு 10 ஹிட், அதாவது .333. மற்றப் பெண்ணுக்கு 7, அதாவது .233. இடம் பேத்திக்குத்தான் என்று வீட்டில் கேசரிகூடக் கிளறியாகிவிட்டது. ஆனால் 30-ஆல் வகுத்ததே தவறாயிற்றே! பந்தயம் பந்தயமாகப் பார்த்தேன். பேத்திக்கு 5 வாக், 1 சாக்ரிஃபைஸ். கழித்தால் 24. அவளுடைய 10 ஹிட்டில் இரண்டுக்கு எதிரே 'கை நழுவல்' என்று சிறிய எழுத்தில் குறிப்பு இருந்தது. எரர். ஆக 24-இல் 8, பழையபடி அதே .333. மற்றப் பெண்ணுக்கு 7 வாக், ஒரு முறை பந்து உடம்பில் பட்டது, 2 சாக்ரிஃபைஸ். கழித்தால் 20. அதில் 7 ஹிட், சராசரி .350.

அந்தப் பெண்ணின் தகப்பனாரை நான் பார்த்ததுகூட இல்லை. தாளை அன்றிரவு இரண்டு முறை மடித்தேன், பிரித்தேன். காலையில் அப்படியே கொடுத்து அனுப்பினேன். விளையாட்டு ஆசிரியர் தாமும் ஒரு முறை வகுத்துப் பார்த்து, மற்றப் பெண்ணை எடுத்துக்கொண்டார். "நீங்க யாருக்குத் தாத்தா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை.

மூன்றாம் நாள் பயிற்சி ஆட்டம் முடிந்து வந்தவள், பையைக்கூட இறக்காமல் சொன்னாள்: "இன்னிக்கு நாலு தடவை நின்னேன் தாத்தா, ஒரு ஹிட். ரெண்டு வாக். அதை மறக்காம கழிச்சுடுங்க."