எஞ்சினுக்கும் மூச்சு உண்டு

நாம் மூச்சு விடுகிறோம். கார் எஞ்சினும் மூச்சு விடுகிறது. பெட்ரோல் மட்டும் இருந்தால் எஞ்சின் ஓடாது. காற்றும் வேண்டும். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும்.

வெளிக் காற்றில் தூசி இருக்கும். ஏர் பில்டர் அதை வடிகட்டும். பிறகு காற்று ஒரு பெரிய குழாய் வழியே எஞ்சினுக்குள் போகும். பல கார்களில் இந்தக் குழாயில் ஒரு சென்சார் இருக்கும். சென்சார் என்றால் உணர்ந்து சொல்லும் கருவி. எவ்வளவு காற்று போகிறது என்று அது அளக்கும். அதை எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அதற்கு ஏற்றபடி பெட்ரோல் விடும். சென்சார் தவறாகச் சொன்னால் பெட்ரோல் அளவும் தவறிவிடும்.

மும்பையில் ஒரு பட்டறை. ஓர் இளைஞர் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். கடையில் வாங்கிய புதிய காற்றுக் குழாயோடு வந்தார்.

"அண்ணே, இதை மாட்டினா வண்டி பறக்குமாம். அரை மணியில முடிச்சுக் கொடுங்க" என்றார்.

"தம்பி, மாட்டுறது பெரிசில்லை. கழற்றினதை எல்லாம் மறக்காம மாட்டணும். அதுதான் வேலை" என்றார் மெக்கானிக்.

பட்டறையின் உதவியாளர் இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். அவர் டேப்பும் பேனாவும் எடுத்து வந்தார். ஓஸ், கப்ளர் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி 1, 2, 3, 4 என்று எழுதினார். எந்த எண் எங்கே சேரும் என்று ஒரு தாளிலும் குறித்துக்கொண்டார்.

வேலை இப்படி நடந்தது:

1. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டார்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார்கள்.

2. கப்ளரின் பூட்டை அழுத்தி, கப்ளரைப் பிடித்து இழுத்தார்கள். வயரைப் பிடித்து இழுக்கவில்லை. இழுத்தால் வயர் அறுந்துவிடும்.

3. சென்சாரைக் கவனமாகக் கழற்றினார்கள். அதன் உள்ளே மெல்லிய கம்பி உண்டு. அதை விரலால் தொடக் கூடாது. துணியால் துடைக்கக் கூடாது. கம்ப்ரஸர் காற்றும் அடிக்கக் கூடாது.

4. சென்சார் உட்காரும் இடத்தில் பழைய குழாயின் உள் அகலத்தையும் புதிய குழாயின் உள் அகலத்தையும் அளந்து பார்த்தார்கள். புதியது அகலமாக இருந்தால் அங்கே காற்று மெதுவாகப் போகும். சென்சார் குறைத்துச் சொல்லும். பெட்ரோல் குறையும். எஞ்சின் சூடாகும், தட்டும். நல்ல வேளை, இரண்டும் ஒரே அளவு.

5. சென்சாரின் மேல் உள்ள அம்புக்குறியைப் பார்த்தார்கள். அம்பு எஞ்சின் பக்கம் காட்டும்படி பொருத்தினார்கள். கப்ளரை 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினார்கள்.

எல்லாம் முடிந்தது என்று இளைஞர் சாவியை எடுத்தார். உதவியாளர் தாளைப் பார்த்தார்.

"அண்ணே, தாளில் 4 இருக்கு. மாட்டினது 3 தான்" என்றார்.

தேடினார்கள். எஞ்சின் மூடியில் இருந்து வரும் சின்ன ஓஸ் கீழே விழுந்து கிடந்தது. அதை விட்டிருந்தால், அந்தத் துளை வழியே அளக்காத காற்று உள்ளே போகும். தூசியும் போகும். எஞ்சின் ஏறி இறங்கி உறுமும். மஞ்சள் எஞ்சின் விளக்கு எரியலாம். அந்த ஓஸையும் மாட்டி கிளிப் போட்டார்கள்.

"இன்னொன்று, தம்பி. பிரேக்குக்குப் போகும் தடித்த ஓஸும் பக்கத்திலேயே இருக்கு. அது கழன்றால் பிரேக் மிதி கல் மாதிரி இறுகிடும். வண்டி எளிதில் நிற்காது. உயிர் போற விஷயம்" என்றார் மெக்கானிக். அந்த ஓஸையும் கையால் அசைத்துப் பார்த்தார். பிறகே பேட்டரி வயரை மாட்டி எஞ்சினை ஓட்டினார்கள். 'உஸ்' என்ற சத்தம் எங்கும் இல்லை.

மழையையும் நினைக்க வேண்டும். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. சாலைகள் மூழ்கின. பில்டரைத் தாழ்வாக வைத்தால் அது தேங்கிய தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் புகுந்தால் எஞ்சினின் உள் தண்டு வளைந்துவிடும். வாங்கிய குழாயின் விலையைப் போலப் பல மடங்கு செலவாகும்.

சட்டமும் உண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே எதையும் மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டேப்பில் எழுதிய நான்கு எண்கள் ஓர் எஞ்சினைக் காத்தன. எழுத்து பட்டறையிலும் உதவும்.

விடை எழுதுங்கள்
1. சென்சார் எதை அளக்கிறது?
2. அம்புக்குறி எந்தப் பக்கம் காட்ட வேண்டும்?
3. ஒரு ஓஸ் மாட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

செய்து பாருங்கள்
உங்கள் வீட்டில் கழற்றி மாட்டும் பொருள் ஒன்றை எடுங்கள். பாகங்களுக்கு எண் போட்டுப் பட்டியல் எழுதுங்கள்.